கெத்சீயாள் என்று கூப்பிட்டபோது

மரங்களுக்குப் பேச்சும் மனிதர்களுக்கு அதைக் கேட்கிற பொறுமையும் இருந்த அந்தக் காலத்தில், லவங்கப்பட்டை சுருண்டிருக்காது. பலகை மாதிரி நேராக இருக்கும். மேற்கு மலையில் நின்ற பட்டை மரத்துக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. உடம்பெல்லாம் முள்ளுப் பிள்ளைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எப்படித்தான் வெளியே நிற்கிறாயோ என்று பக்கத்துப் பலாமரத்தைக் கேட்குமாம்.

அந்தப் பட்டையை வாங்கக் கடல் தாண்டி எபிரேயர்கள் வருவார்கள். அவர்கள் மொழியில் அதற்குக் கெத்சீயா என்று பேர். அப்படி வந்த எலியாப் என்ற வியாபாரி, மனைவி மில்காளையும் சின்ன மகளையும் கூட்டிவந்து மலையடிவாரத்தில் குடிசை போட்டிருந்தான். அந்த மகளுக்குப் பேர் கிடையாது.

காரணம் கூற்றுவன். அப்போதெல்லாம் அவன் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். பேருக்குரியவர் எழுந்து போய்விட வேண்டியதுதான். மில்காளின் மூத்த பிள்ளைகள் இருவரும் அப்படிப் போனவர்கள். அதனால் இவளுக்குப் பேரே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். எலியாப் தன் வம்சத்துப் பெண்கள் பேரையெல்லாம் சொல்லிப் பார்த்தான். ஆசையாக இருந்தால் உன் கழுதைக்கு வைத்துக்கொள் என்றாள். பிள்ளையை இன்று கிளியே என்பாள், நாளை இந்தா என்பாள். எதுவும் ஒட்டிக்கொள்ள விடமாட்டாள்.

ஒருநாள் பட்டை எடுக்கப் பிள்ளையோடு மலையேறினாள். எதிரே நிற்கிற ஆள் தெரியாதபடி மலைமேல் மஞ்சு மூட்டமாக இறங்கியது. பட்டைக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கப் பிள்ளையின் கையை விட்டாள். திரும்பினால் பிள்ளை இல்லை.

"மகளே!" என்று கத்தினாள். மான் மகள் வந்தது. மந்தி மகள் வந்தது. காட்டுப்பன்றியின் மகள் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னம்மா?" என்றது. பின்னாலேயே தாய்ப்பன்றி வந்து, நான் கூப்பிட்டால் வராதவளை நீ எதற்குக் கூப்பிடுகிறாய் என்று சண்டைக்கு நின்றது. மில்காளின் மகள் மட்டும் வரவில்லை. எந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாதே.

உயரத்திலிருந்து பார்த்த பட்டை மரம் சொன்னது: "உன் பிள்ளை பாறை விளிம்புக்குப் போகிறாள். கீழே கூற்றுவன் உட்கார்ந்திருக்கிறான். விழுந்துவிட்டால் அவனுக்குப் பேர்கூடத் தேவையில்லை. கூப்பிடு அவளை."

"பேர் சொன்னால் அவன் காதிலும் விழுமே."

"விழட்டும். என் பேரைச் சொல். என்னை எத்தனை தரம் வெட்டியிருக்கிறார்கள். இன்னும் நிற்கிறேனா இல்லையா?"

மில்காள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கெத்சீயாள்" என்று கூப்பிட்டாள்.

மஞ்சுக்குள் பிள்ளை நின்றாள். அப்பாவின் தராசடியில் பிறந்ததிலிருந்து கேட்ட சொல். அம்மாவின் துணியில் முகர்ந்த வாசனை. வீடுதான் கூப்பிடுகிறது என்று நினைத்துத் திரும்பி ஓடிவந்தாள்.

கூற்றுவனும் கோடரியோடு ஏறிவந்தான்.

மரம் தன் பட்டையை உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் உரித்துப் பிள்ளைமேல் போட்டது. பட்டையின் இரண்டு ஓரமும் உள்ளே மடிந்து அவளைச் சுருட்டிக்கொண்டன.

"யார் இங்கே கெத்சீயாள்?"

"நான்தான்" என்றது மரம், தோலில்லாமல் வெடவெடத்துக்கொண்டு.

"சின்னப் பெண் என்று நினைத்தேன்."

"ஏன், என்னைப் பார்த்தால் கிழவியாகத் தெரிகிறதா?"

பெண்களிடம் வயதைப் பற்றி வாதாடுகிறவன் இல்லை கூற்றுவன். மரத்தை வெட்டிச் சாய்த்தான். வேலை முடிந்தது என்று இறங்கிப் போனான்.

மில்காள் அடிக்கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஈரம் காய்வதற்குள் கட்டையின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு துளிர் எட்டிப்பார்த்தது. "பேரை அவளே வைத்துக்கொள்ளட்டும்" என்றது அது. "ஆனால் கேட்க அழகாயிருக்கிறதென்று ஆளாளுக்கு வைத்துவிடாதீர்கள். இன்னொரு பிள்ளைக்கு இந்தப் பேர் வைத்தால் கூற்றுவன் சந்தேகப்பட்டு மறுபடி ஏறிவருவான். நானும் மறுபடி உரிந்து நிற்க வேண்டும்."

பிள்ளையை வெளியே எடுத்த பிறகும் பட்டை நிமிரவில்லை. எலியாப் கல்லை வைத்துப் பார்த்தான். மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தான். பலாமரம் சிரித்ததுதான் மிச்சம்.

எபிரேயர்களிடம் அந்தப் பேர் அபூர்வமாகிப் போனது அப்படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்துப் பெண் பிறந்தால் மட்டும், மரத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைப்பார்கள். பட்டையும் அன்று சுருண்டதுதான், இன்றைக்கு நம் சமையலறை டப்பாவிலும் அப்படியே கிடக்கிறது. பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.