இடுப்பை விட்டு இறங்கியவள்

முன்னொரு காலத்தில், மலைக்கு ஒரு ராஜாவும் காட்டுக்கு ஒரு மந்திரவாதியும் இருந்த காலத்தில், பொன்னாத்தா, சிட்டாயி என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். அக்காளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு நான்கு. கொள்ளைக் காய்ச்சல் ஒரே வாரத்தில் அப்பனையும் ஆத்தாளையும் கொண்டுபோனது.

பொன்னாத்தா தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கள்ளிக்காட்டு மந்திரவாதியிடம் போய் நின்றாள். "எந் தங்கச்சிக்கு ஒரு கொறையும் வரக்கூடாது சாமி."

"வராது. பாதம் தரையில் படாத வரைக்கும் இவளுக்கு நோயில்லை, வலியில்லை. இன்றைக்கு இருப்பது போலவே இருப்பாள். பட்டதோ, தப்பிய முள்ளெல்லாம் மொத்தமாகக் குத்தும்!"

அடியம்மா, தங்கை வளர்வதற்கும் சேர்த்தல்லவா தடை வாங்கி வந்தாள்!

பதினைந்து வருஷம் ஓடியது. சிட்டாயியின் புத்தி வளர்ந்தது, உடம்பு வளரவில்லை. இடுப்பில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். களை எடுக்கையில் அக்காளுக்கு மூச்சு வாங்கியது. பெண் கேட்டு மூன்று முறை ஆட்கள் வந்தார்கள். "தங்கச்சிய எங்கே எறக்கி வெச்சிட்டு வர்றது?" என்று மூன்று முறையும் பொன்னாத்தா திருப்பி அனுப்பினாள்.

"எறங்கட்டுமாக்கா?"

"வேண்டாங் கண்ணு. முள்ளு குத்தும்."

ஒருநாள் உச்சிவெயிலில், காட்டுப் பாதையில், பொன்னாத்தா காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். விழும்போதும் தங்கையை மடியில் தாங்கிக்கொண்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. சுற்றிலும் ஆள் அரவமில்லை. அக்காளை விட்டால் சிட்டாயிக்கு யார்?

"எறங்கட்டுமாக்கா?"

அக்காளின் கண் செருகியிருந்தது. சிட்டாயி இறங்கிவிட்டாள்.

முதல் அடி. ஐந்து வருஷத்து முள் குத்தியது, ஐந்து வருஷம் வளர்ந்தாள். இரண்டாம் அடி. "ஆத்தா!" என்று அலறினாள், இன்னும் ஐந்து வருஷம் வளர்ந்தாள். மூன்றாம் அடியில் பத்தொன்பது வயதுப் பெண்ணாக, அக்காளைவிட ஒரு பிடி உயரமாக நின்றாள். அக்காளை முதுகில் தூக்கிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வைத்தியர் வீட்டுக்கு நடந்தாள். மந்திரம் முறிந்ததில், கள்ளிக்காட்டில் மந்திரவாதியின் தாடி அப்படியே கொட்டிப்போனதாம். கொட்டட்டும், நமக்கென்ன!

மூன்றாம் நாள் பொன்னாத்தா கண் திறந்தாள். "நீ யாரு தாயி? எந் தங்கச்சி எங்கே?"

"நாந்தாக்கா."

பொன்னாத்தா அந்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். பாதத்தைப் பார்த்தாள். "பாவி, எறங்கிட்டியா!" என்று ஓங்கி அழுதாள். அழுது முடித்ததும், "அப்படியே ஆத்தா மாதிரி இருக்கறயேடி" என்று சிரித்தாள்.

நான்காம் முறையும் பெண் கேட்டு வந்தார்கள். தை மாதம் பொன்னாத்தாவுக்குக் கல்யாணம். ஆற்றங்கரை வரை போய் வழியனுப்பிய சிட்டாயி, வண்டி மறையும்வரை அழுதாள். பிறகு பசித்தது. வீட்டுக்குத் தனியாக நடந்து வந்து, முதல் முறையாகத் தன் கையால் உலை வைத்தாள். சோறு குழைந்துதான் போனது. அதனாலென்ன, வயிறாரச் சாப்பிட்டாள்.

அவள் வீட்டு உலை கொதித்தது போல் நம் எல்லார் வீட்டு உலையும் கொதிக்கட்டும்!