நடுவர் உட்கார்ந்த ஓட்டை

குளத்துக்குப் பக்கத்தில், நாவல் மரத்தடியில், மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கரடி, ஒரு மயில், ஒரு கழுதை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்!

காட்டுப் பள்ளிகள் எல்லாம் மாணவர் பத்திரிகைகளைப் போட்டிக்கு அனுப்பியிருந்தன. எது சிறந்தது என்று இவர்கள் சொல்ல வேண்டும். மயில் அட்டையை மட்டும் பார்க்கும். கரடி கையில் தூக்கி, கனமாக இருக்கிறதா என்று பார்க்கும். கழுதை ஒரு தாளைக் கடித்து, மென்று, கண்ணை மூடி யோசிக்கும். உடனே மார்க்! பிரித்துப் படிப்பதா? அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

மான் பள்ளிப் பிள்ளைகள் விவரமானவர்கள். அவர்கள் பத்திரிகைக்குப் பெயர் 'தங்கத்தோகை'. மயிலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முதல் பக்கத்தில் கரடியின் படம், கீழே கரடியின் வாழ்த்துரை. கனம் வேண்டுமே என்று அட்டைக்குள் மரப்பட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். தாளில் வெல்லப்பாகு தடவியிருந்தார்கள்.

"அடடா, என்ன வண்ணம்!" என்றது மயில்.

"கையே வலிக்குதுப்பா! உழைப்புன்னா இதுதான்!" என்றது கரடி.

கழுதைக்கு ஒரு தாள் போதவில்லை. இரண்டாவது தாளை மென்றுகொண்டிருந்தது.

அடுத்து வந்தது எலிப் பள்ளியின் பத்திரிகை. அழுக்குத் தாள், கரிக்கோடு, சின்னச் சின்ன எழுத்து. பத்திரிகையை நடத்தும் மாணவி கடுகி என்ற சுண்டெலி. கோப்பைக்காக அவள் வரவில்லை. குளக்கரை உள்ளே பொத்தலாகிக் கிடந்தது. கரை உடைந்தால் கோடைக்கு இருக்கும் ஒரே தண்ணீரும் போய்விடும். போகிற போக்கில் முதலில் அடித்துக்கொண்டு போவது கரைக்குக் கீழே இருக்கும் கடுகியின் வளையைத்தான். அங்கே அவள் அம்மாவும், இன்னும் கண் திறக்காத தம்பி தங்கைகளும் இருந்தார்கள்.

குளத்துக்குத் தலைவரும் இந்தக் கரடிதான். கடுகி நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "சுண்டெலி சொல்லி நான் கேட்கணுமா? போ போ!" என்று விரட்டிவிட்டது கரடி. பத்திரிகையில் போட்டால் நடுவர் படித்துத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தாள், பாவம்!

எல்லாவற்றையும் எழுதினாள். கரையைக் குடைந்தது தன் சொந்த மாமா பெருச்சாளி என்பதையும் எழுதினாள்.

"ஏண்டி, குடும்ப மானத்தைக் கப்பலேத்துறியா?" என்று மாமா குதித்தார்.

"தோண்டும்போது தெரியலையா மாமா அந்த மானம்?" என்றாள் கடுகி.

கரடி அந்தப் பத்திரிகையை இரண்டு விரலால் தூக்கியது. "காத்து மாதிரி இருக்கு. தள்ளு!"

"அட்டையே இல்லை. சீ!" என்றது மயில்.

கழுதை ஒரு தாளைக் கிழித்து மென்றது. "உப்புமில்லை, சப்புமில்லை அண்ணே."

"ஐயா, உள்ளே ஒரே ஒரு தடவை படிச்சுப் பாருங்க!" என்று கெஞ்சினாள் கடுகி.

"நடுவருக்கே பாடம் எடுக்கிறியா?" என்று மூவரும் சேர்ந்து மிரட்டினார்கள். கடுகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வேலை ஆகாது என்று வீட்டுக்கு ஓடினாள். தம்பி தங்கைகளை ஒவ்வொருவராக வாயில் கவ்வி, மேட்டுக்குத் தூக்கிப்போக ஆரம்பித்தாள்.

சாயங்காலம் பரிசளிப்பு விழா. காற்று வாங்க வசதி என்று குளக்கரை மேலேயே மேடை. நடு நாற்காலியில் கரடி. மான்களுக்குப் பித்தளைக் கோப்பை, மாலை, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. அப்புறம் எல்லாருக்கும் அவித்த கடலை. தோற்ற பத்திரிகைகளைக் கிழித்துப் பொட்டலம் மடிப்பது அந்தக் காட்டு வழக்கம்.

கரடி கடலையைத் தின்று முடித்தது. கையில் வெறும் தாள். பேச்சுக்குக் கூப்பிடும்வரை பொழுது போகவேண்டுமே! பொட்டலத் தாளைப் படித்தது.

"குளக்கரை எப்போது வேண்டுமானாலும் உடையும். ஓட்டை இருக்கும் இடம்..."

அதோடு தாள் முடிந்துவிட்டது. கரடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஐயய்யோ! இது எந்தப் பத்திரிகை? என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"நீங்கதானே அண்ணே காத்து மாதிரி இருக்குன்னு தள்ளினீங்க!" என்றது கழுதை.

"அடுத்த பக்கம் எங்கே?"

கழுதை தன் வயிற்றைத் தடவிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, வாயில் கடைசித் தம்பியைக் கவ்விக்கொண்டு கடுகி மேடையோரமாக ஓடினாள்.

"ஏம்மா, நில்லு! ஓட்டை எந்த இடத்துல?" என்று கரடி கத்தியது.

கடுகி தம்பியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். "உங்க நாற்காலிக்கு நேர் அடியில ஐயா!"

பொத்! நாற்காலி உள்ளே போயிற்று. கரடியும் இடுப்புவரை உள்ளே போயிற்று. தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஆனால் கரடியின் பின்பக்கம் நல்ல அகலம். ஓட்டை கச்சிதமாக அடைபட்டது.

"தூக்குங்கடா என்னை!"

"அசையாதீங்க!" என்று கடுகி அலறினாள். "நீங்க எழுந்தா கரை போச்சு! மாமா, தோண்டத் தெரிஞ்ச உங்களுக்கு மூடவும் தெரியும்ல? வாங்க!"

பெருச்சாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, கூட்டத்தோடு சேர்ந்து மண் பறித்தார். அள்ளிக் கொட்டப் பாத்திரம் இல்லை. கடுகி மானின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினாள்.

"ஐயோ, எங்க கோப்பை!"

"மண்ணை அள்ளு முதல்ல!"

கரடி பாவம், என்ன செய்யும்? கையெட்டும் தூரத்தில் தங்கத்தோகை கிடந்தது. வேறு வழியில்லாமல் பிரித்தது. முதல் பக்கம் கரடியின் வாழ்த்துரை. அடுத்த பக்கமும் அதே வாழ்த்துரை. கடைசிப் பக்கம் வரைக்கும் அதே வாழ்த்துரை!

"அடப்பாவிகளா! பத்திரிகை முழுக்க நான்தான் இருக்கேனா? எனக்கே தாங்கலையே!"

இருட்டுவதற்குள் கரை கெட்டியாயிற்று. கரடியை இழுத்துப் போட்டு, அந்தப் பள்ளத்தையும் உடனே அடைத்தார்கள். பின்பக்கமெல்லாம் சேறு.

"கடுகி, கோப்பை உனக்குத்தான்! எங்கே அது?" என்றது கரடி.

"அதையும் சேர்த்து ஓட்டைக்குள்ள வெச்சு அடைச்சாச்சு ஐயா," என்றாள் கடுகி, தம்பியின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி. "நீங்க எழுந்த பிறகு அந்த இடத்துக்கு ஏதாவது வேணுமே!"

நீதி: பிரித்துப் படிக்காமல் மார்க் போடுகிறவர், தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.