கையில் ஆடிய முட்டை

மூன்று முறை மருந்து கெட்டுப்போனது.

கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து அது. குஞ்சு வளர்கிற முட்டைக்குள் நோய்க்கிருமியை ஊசியால் விட்டு வளர்த்து எடுப்பது. ஆயிரம் முட்டையின் நீரை ஒரே பாத்திரத்தில் சேர்ப்பார்கள். அதில் ஒன்று அழுகல் என்றால் ஆயிரமும் போச்சு. வேகவைத்துக் குழியில் கொட்ட வேண்டியதுதான். மூன்று முறை கொட்டினார்கள்.

நாலாவது முறையும் கொட்டினால் சித்திரை வந்துவிடும். வெயில் ஏறக் கழிச்சலும் ஏறும். மருந்து விடாத ஊர்க்கோழி ஒன்றும் மிஞ்சாது. ஐந்து கோழி, பத்துக் கோழி வைத்துப் பிழைக்கிற பெண்களின் கடிதங்கள் மருந்து தயாரிக்கும் நிலையத்தில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. மருந்து எப்போது?

குறை எங்கே என்று எல்லோரும் தேடினார்கள். அதிகம் தேடியவர் டாக்டர் சொக்கநாதன். கால்நடை மருத்துவர். வயது ஐம்பத்தாறு. மருந்துப் பிரிவே அவர் பொறுப்பு. தண்ணீரை மாற்றினார். ஊசிகளை மாற்றினார். முட்டை தரும் பண்ணையை மாற்றினார். கடைசியில், முட்டைக்குள் ஊசி போடும் ஸ்டெல்லாவுக்கு ஒரு மெமோ கொடுத்தார்.

அவர் தேடாத இடம் ஒன்று உண்டு. விளக்கறை.

ஏன் தேடவில்லை? அங்கே உட்கார்ந்திருந்தது அவரே.

விளக்கறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருட்டு அறை. தகரப் பெட்டி. பெட்டிக்குள் விளக்கு. மேலே, முட்டையின் முனை பொருந்துகிற அளவுக்கு ஓட்டை. முட்டையை அதில் பிடித்தால் ஓடு சிவந்து உள்ளே இருப்பது தெரியும். கரு இல்லாத முட்டை வெறும் வெளிச்சமாக நிற்கும். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்பு வலை விரிந்திருக்கும், நடுவில் கறுப்பாகக் குஞ்சு. இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். சிக்கல் மூன்றாவது வகையில். சற்று முன்னால் செத்த குஞ்சு. நரம்பெல்லாம் அப்படியே இருக்கும். பார்த்தால் உயிர் மாதிரியே இருக்கும். அதைப் பிரிக்கத்தான் ஆள் வேண்டும்.

அந்த ஆள் மெஹருன்னிசா. முப்பத்தொன்பது வயது. எட்டாவது வரை படிப்பு. பதினேழு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. அவள் கைதாண்டி ஒரு செத்த முட்டை ஊசி மேசைக்கு வந்ததில்லை என்று ஸ்டெல்லா எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வாள்.

நாலு மாதம் முன்பு மெஹருன்னிசா வீட்டுக்காரரின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். இடது முழங்கை முறிந்தது. விடுப்பு.

“இதுக்கு எதுக்கு ஆள் தேடணும்? நானே உக்காந்துடறேன்” என்றார் சொக்கநாதன், இயக்குநர் அம்மாளிடம்.

உட்கார்ந்தார். மெஹருன்னிசா மணிக்கு இருநூறு முட்டை பார்ப்பாள். இவர் நானூறு பார்த்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அப்புறம்தான் மூன்று முறை குழி தோண்டியது.

மெஹருன்னிசா திரும்பி வந்த அன்று ஸ்டெல்லா வாசலிலேயே மெமோவை நீட்டினாள்.

“பாருக்கா. பதினோரு வருஷம் ஊசி பிடிச்ச கைக்குப் பரிசு.”

மெஹருன்னிசா படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இன்குபேட்டரைத் திறந்து முட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சொக்கநாதனே அவளைத் தேடி விளக்கறைக்கு வந்தார்.

“மெஹரம்மா, மூணு தடவை போச்சு. எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஒண்ணும் பிடிபடல.”

“எல்லாம்னா?”

“தண்ணி. ஊசி. பண்ணை.”

“கண்ணு?”

“என் கண்ணுக்கு என்ன? போன மாசம்தான் கண்ணாடி மாத்தினேன்.”

“அதையும் மாத்தியாச்சா” என்றாள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் ஸ்டெல்லா சிரித்தது கேட்டது.

சொக்கநாதனுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

“குறை என்கிட்டன்னா சொல்லிடுங்க. கத்துக்கறேன்.”

“உக்காருங்க சார்.”

விளக்கைப் போட்டாள். ஆறு முட்டைகளை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒன்றை எடுத்தார். ஓட்டையில் பொருத்தினார். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். உள்ளே குஞ்சு ஆடியது.

“உயிர்.”

அடுத்தது. ஒரு சுண்டு. “உயிர்.”

ஆறும் உயிர். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கை சுத்தமாக வேலை செய்தது. அவருக்கே திருப்தி.

மெஹருன்னிசா மூன்றாவது முட்டையை மறுபடி கொடுத்தாள்.

“இது?”

“உயிர். ஆடுது பாருங்க.”

“நல்லாப் பாருங்க.”

மறுபடி சுண்டினார். “ஆடுதே!”

“உடைங்க.”

கிண்ணத்தில் உடைத்தார். சுண்டுவிரல் அளவுக் குஞ்சு. வெளுத்து, மடங்கிக் கிடந்தது.

“இதை மட்டும் நேத்துச் சாயங்காலம் போகும்போது குளிர்பெட்டியில வெச்சேன் சார். இன்னிக்குக் காலையில எடுத்தேன். எப்பவோ போச்சு.”

“ஆடிச்சே?”

“ஆடிச்சு.”

“அப்புறம் எப்படி?”

“ஆட்டினது யாரு?”

சொக்கநாதன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். நாலு மாதம். மூவாயிரம் முட்டை. ஊசிக்கு முன்னால் ஒரு முறை, ஊசி போட்ட மறுநாள் ஒரு முறை. அத்தனையையும் இப்படித்தான் சுண்டினார்.

நேராக ஸ்டெல்லாவின் மேசைக்குப் போனார்.

“அந்த மெமோவைக் கொடும்மா.”

கொடுத்தாள். நாலாகக் கிழித்தார்.

“தப்பு உன்கிட்ட இல்ல.”

“கிழிச்சீங்கல்ல, அதையும் எழுதிக் கொடுங்க சார். ஆபீஸ்ல இன்னொரு காப்பி கிடக்கு.”

எழுதிக் கொடுத்தார்.

நாலாவது மருந்துக்கு முட்டை வந்தது. ஆயிரம். ஒன்பதாம் நாள் இரண்டு விளக்குப் பெட்டிகள் போட்டார்கள். ஒன்றில் அவள். ஒன்றில் அவர்.

இந்த முறை அவர் சுண்டவில்லை. முட்டையைக் கெட்டியாகப் பிடித்தார். உற்றுப் பார்த்தார். அசையவில்லையா, கழிவு ட்ரேயில் வை. அடுத்தது.

ஒரு மணி நேரத்தில் கழிவில் அறுபது சேர்ந்தது. மெஹருன்னிசா அந்த ட்ரேயை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்து, நாற்பத்து மூன்றைத் திருப்பி நல்ல ட்ரேயில் வைத்தாள்.

“அதெல்லாம் அசையலையே அம்மா.”

“எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“ரெண்டு செகண்டு. மூணு.”

“நீங்க கூப்பிட்டா உடனே வர்றதுக்கா சார் அது உள்ள இருக்கு?”

“சரி, எவ்வளவு நேரம்தான் பிடிக்கணும்? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.”

அவள் கணக்குச் சொல்லவில்லை. ஒரு முட்டையை அவர் கையில் வைத்தாள்.

“பிடிங்க. பேசாதீங்க.”

பிடித்தார். ஓடு சிவந்தது. நரம்பு வலை. நடுவில் குஞ்சு. அசைவில்லை. அவருடைய விரல் நுனியில் அவர் நாடியே துடித்தது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மூச்சு சத்தமாக இருந்தது. அதையும் அடக்கினார். வெளியே யாரோ வாளியை இழுத்தார்கள். அதுவும் நின்றது.

அப்போது உள்ளே அது காலை ஒரு நீட்டு நீட்டி மடக்கிக்கொண்டது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி.

“அம்மா! வந்துடுச்சு!”

“கத்தாதீங்க சார். பயந்துடப் போகுது.”

இருட்டில் அவர் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கோழிக்கு வைத்தியம் பார்த்தவர். ஒரு கோழி முதன்முதலாக அசைவதை இப்போதுதான் பார்த்தார்.

அன்று மாலை ஸ்டெல்லா கேட்டாள். “மணிக்கு எத்தனை ஆச்சு டாக்டரே?”

“தொண்ணூறு.”

“ஆமைதான்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து விளக்கில் மெஹருன்னிசாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முட்டையை எடுப்பது தெரியாது. வைப்பது தெரியாது. முட்டை தானாக வெளிச்சத்துக்கு வந்து, நின்று, தானாகப் போவது போல இருந்தது. பதினேழு வருஷம் இந்தக் கட்டடத்தில் இது நடந்திருக்கிறது. ஒரு நாளும் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

ஊசி போட்டார்கள். மறுநாள் மறுபடி விளக்கு. ஊசிக்குப் பிறகு செத்தவற்றைக் கழிக்கிற நாள். இதில் தப்பினால் பாத்திரத்தில்தான் தெரியும். இயக்குநர் அம்மாள் போனில், “மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க” என்றார்.

மெஹருன்னிசா வேகமாகப் பார்த்தாள். பதினான்கு ட்ரே முடித்துவிட்டாள். சொக்கநாதன் ஆறு. ஏழாவது ட்ரேயை இருட்டில் கைநீட்டி எடுத்தார். ஒரு முட்டையைப் பிடித்தார்.

அசைவில்லை. காத்திருந்தார். நாடி அடங்கியது. மூச்சு அடங்கியது. இல்லை. மெல்ல ஒரு கால் சுற்றுத் திருப்பி நிறுத்தினார். குஞ்சு நீரோடு சாய்ந்தது. நீர் நின்றதும் அதுவும் நின்றது. அவ்வளவுதான். மறுபடி காத்திருந்தார்.

“இது போச்சு” என்றார்.

கழிவில் வைக்கப் போனவர் நின்றார். முட்டையின் மேல் பென்சில் கோடு இருந்தது. பார்த்து முடித்ததற்கு அவள் போடுகிற கோடு. தப்பான ட்ரேயை எடுத்திருக்கிறார்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. திருப்பி வைத்துவிடலாம். பதினேழு வருஷம் பார்த்தவள் அவள். இவர் கற்றுக்கொண்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. மூன்று முறை கெடுத்த ஆள் வேறு.

மறுபடி விளக்கில் பிடித்தார். இந்த முறை இன்னும் நீண்ட நேரம்.

“அம்மா. இது உங்க ட்ரே.”

“சரி?”

“செத்தது.”

அடுத்த அறையில் ஸ்டெல்லாவின் ஊசித்தட்டுச் சத்தம் நின்றது. “டாக்டரே, வேணாம்” என்று மெதுவாகக் கேட்டது.

“நான் பாத்தப்ப அசைஞ்சுது” என்றாள் மெஹருன்னிசா.

“அசைஞ்சிருக்கும். இப்ப இல்ல.”

“இப்பதான் சார் பாத்தேன். கால் மணிகூட ஆகல.”

“உடைக்கட்டுமா?”

“உடைங்க.”

உடைத்தார். கிண்ணத்தை விளக்குப் பக்கம் நகர்த்தினார். செத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

அவள் வேறொரு முட்டையை எடுத்தாள். வழக்கம்போல் இடது கையில். விளக்கில் பிடித்தாள். முட்டையைப் பார்க்கவில்லை. சுவரில் விழுந்த தன் கையின் நிழலைப் பார்த்தாள்.

நிழல் நடுங்கியது. மிகக் கொஞ்சம். பார்க்க வேண்டும் என்று பார்த்தால்தான் தெரியும்.

“எலும்பு கூடிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க” என்றாள். “கை இன்னும் கூடல போல.”

எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“என் ட்ரே பதினாலையும் நீங்க பாருங்க சார்.”

“பதினாலுமா? நானூத்தி இருபது முட்டை அம்மா. நான் ஆமை. சாயங்காலம் ஆயிடும்.”

“ஆகட்டும்.”

“இயக்குநர் அம்மா மதியம்னு சொன்னாங்க.”

“நான் சொல்லிக்கறேன். நீங்க பிடிங்க.”

அவர் பிடித்தார். அவள் இன்குபேட்டரிலிருந்து ட்ரேக்களை ஒவ்வொன்றாக வலது கையில் தாங்கிக் கொண்டுவந்து வைத்தாள். பார்த்ததை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப வைத்தாள். ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு செத்த முட்டைகள் வந்தன. அவள் கோடு போட்டவைதான் நாலும். அவற்றையும் உடைத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாக இருந்தது.

மறுநாள் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலது கையில் முட்டையைப் பிடித்தாள். பழகாத கை. விரல் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

“ஆடுதா சார்? பாத்துச் சொல்லுங்க.”

“கொஞ்சம் ஆடுது அம்மா.”

“இப்ப?”

“இப்பவும்.”

“இப்ப?”

“நின்னுடுச்சு.”

அதற்கப்புறம் நீரை எடுத்தார்கள். ஒரே பாத்திரத்தில் சேர்த்தார்கள். மாதிரியைச் சோதனைக் குழாய்களில் விட்டுப் பதினான்கு நாள் வைத்தார்கள். குழாய் கலங்கினால் முடிந்தது. கலங்கவில்லை. பதினான்காம் நாளும் குழாய்கள் தெளிந்த நீராக நின்றன. மருந்தைக் குப்பிகளில் அடைத்தார்கள். பங்குனி முடிய எட்டு நாள் இருக்கும்போது வண்டிகள் கிளம்பின.

அன்று இயக்குநர் அம்மாள் விளக்கறைக்கு வந்தார். கையில் ஒரு படிவம்.

“மேலிடத்துக்கு அறிக்கை போகணும். ரெண்டே ரெண்டு பெயர்தான் கேக்கறாங்க. மூணு தடவை யாரால கெட்டுது, நாலாவது தடவை யாரு சரி பண்ணது.”

சொக்கநாதன் எழுந்தார். வாயைத் திறந்தார்.

“நீங்க இருங்க டாக்டர். விளக்கறைக்குப் பொறுப்பு மெஹருன்னிசா. அவங்க சொல்லட்டும். கெடுத்தது யாரும்மா?”

“சொக்கநாதன் சார்” என்றாள் மெஹருன்னிசா.

இயக்குநரின் பேனா நின்றது. டாக்டரைப் பார்த்தார்.

“ஆமாம். நான்தான்” என்றார் அவர்.

இயக்குநர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். “சரி பண்ணது? உங்க பேரைத்தானே போடணும்?”

“என் பேரு வேணாங்கம்மா. நான் பண்ணல.”

“வேற யாரு?”

“சொக்கநாதன் சார்.”