நான்காவது கோரிக்கை

முதல் அநீதி எண்பத்தெட்டில் நடந்தது. வேலைநிறுத்தம் முடிந்த அன்று ஊழியர்களிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அது மன்னிப்புக் கடிதம் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது, தொண்ணூற்றேழில். பேச்சுவார்த்தைக்கு அழைத்து உட்காரவைத்துவிட்டு, அதிகாரிகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசி முடித்துக்கொண்டார்கள். ஊழியர் தரப்புக்குத் தேநீர் கிடைத்தது.

மூன்றாவது, துப்புரவு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்ட ஆண்டு. அறிவிப்பை ஆங்கிலத்தில் ஒட்டினார்கள். தங்கள் வேலை போன செய்தி இருந்த பலகையைப் பெண்கள் ஒரு வாரம் பளபளவென்று துடைத்துவைத்தார்கள்.

நான்காவது, இந்த மூன்று முறையும் ஒரு டாக்டர்கூட வெளியே வந்து பக்கத்தில் நிற்கவில்லை.

மாசானமுத்து இவற்றை இதே வரிசையில்தான் சொல்வார். யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். அரசு மருத்துவமனையின் கடைநிலை ஊழியர் சங்கச் செயலாளர். வயது ஐம்பத்தொன்பது. துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். ஐந்தாவது அநீதி வருவதற்குள் ஆங்கிலம் கற்றுவிட வேண்டும் என்று, கிளை நூலகத்தில் காலை வகுப்பு எடுக்கும் மேபலிடம் மாணவராகச் சேர்ந்தார். மேபலுக்கு அவருடைய மகளின் வயது.

"டீச்சரம்மா, எத்தனை சொல் தெரிஞ்சா ஆங்கிலம் தெரிஞ்ச மாதிரி?"

மேபல் அன்றைய ஆங்கிலப் பத்திரிகையை விரித்துவைத்தார்.

"முதல்ல இதை வாசிங்க ஐயா."

அதில் அவருடைய மருத்துவமனைதான் இருந்தது. நோயாளி ஒருவரின் உறவினர்கள் பயிற்சி டாக்டரை அடித்துவிட்டதால், டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள்.

அடி விழுந்தபோது குறுக்கே போய் நின்றவள் பதினேழாம் வார்டு அம்மா. அந்த வார்டைத் துடைப்பவள். காவலாளிகளைக் குறைத்ததால் வந்த வினை இது என்று விசாரணையிலும் சொன்னாள். மறுநாளே ஒப்பந்தக்காரர் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

"உன்னைத் திரும்ப உள்ளே விடலேன்னா எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்று மாசானமுத்து அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல். ஸ்ட்ரைக். டிமாண்ட். எமர்ஜென்சி. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, துண்டறிக்கை வாசிக்கும் குரலில் படித்தார். நூலகர் இரண்டு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அவரே ஒரு வாக்கியத்தை முழுதாகப் புரிந்துகொண்டார்.

"நாலாவது கோரிக்கையைப் பாருங்க டீச்சரம்மா. வேலையை விட்டு எடுத்த ஒரு ஆளைத் திரும்பச் சேர்க்கணுமாம். யாரோ டாக்டரம்மாவா இருக்கும். அவங்க ஆளுக்கு அவங்க."

"டாக்டர்னு போட்டிருக்கா?"

"டாக்டர் ஸ்ட்ரைக்ல வேற யாருக்குக் கேப்பாங்க?"

"பேரு போட்டிருக்கே. வாசிங்க."

"பேருக்கு அகராதியில அர்த்தமா இருக்கு? அஞ்சு சொல்லுல ஒண்ணு வீணாப் போகும். விடுங்க."

மேபல் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். மறுநாளும் போட்டார். அவர் மறுநாளும் தாண்டிப்போனார்.

பதினேழாம் வார்டு அம்மா தினமும் மருத்துவமனை வாசலில் காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, நம்ம விஷயம் பேப்பர்ல வந்திருக்கா?"

"அவங்க பேப்பர்ல நம்ம விஷயம் எப்படித்தான் வரும்? நான் மனு கொடுத்திருக்கேன்ல."

மனு ஏழாம் நாள் திரும்பி வந்தது. பதினேழாம் வார்டு அம்மா என்று ஒரு பணியாளர் பதிவேட்டில் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"பாத்தீங்களா கொழுப்பை? ஆஸ்பத்திரி பூரா அவளை அப்படித்தான் கூப்பிடுது" என்றார் மாசானமுத்து. அது உண்மைதான். துப்புரவுப் பெண்களை அங்கே எல்லோரும் வார்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சங்கத்திலும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் டாக்டர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆங்கிலத்தில் எழுதிய தாளை வாசலில் ஒட்டினார்கள். தன் வாசிப்பை நம்பாமல் மாசானமுத்து மேபலைக் கையோடு அழைத்து வந்திருந்தார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

"வாசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா."

"நீங்க வாசிங்க. தப்பு வந்தா சொல்றேன்."

அவர் வாசித்தார். காவலாளிகள் வருவார்கள். வழக்குப் பதிவாகும். பணி நேரம் குறையும். ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். தப்பு வரவில்லை. நான்காவதை வாசித்தபோது குரல் இறங்கியது.

"அவங்க ஆளைத் திரும்ப எடுத்துட்டாங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நம்ம பதினேழைப் பத்தி ஒரு வரி இல்லை. அஞ்சாவது அநீதி. நான் நாளைக்கே ராஜினாமா எழுதிடறேன்."



"ஒரு சொல்லை விட்டுட்டீங்க ஐயா" என்றார் மேபல்.

"பேருதானே?"

"அஞ்சு நாளா விடறீங்க. இன்னிக்கு வாசிங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத்து எழுத்தாகக் கூட்டினார்.

"எம். பே... பேரா... பேராச்சி."

நிமிர்ந்தார். "யாரு இது?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து பதினேழாம் வார்டு அம்மா கையைத் தூக்கினாள்.

"நான்தான் அண்ணாச்சி."

"உன் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிபட்ட டாக்டர் தம்பி கேட்டாரு. சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நாளைக்கு வார்டுக்குப் போறேடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

மாசானமுத்து அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். பிறகு மேபலைப் பார்த்தார்.

"கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது ஐயா" என்றார் மேபல்.

அவர் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். துண்டறிக்கை வாசிக்கும் குரலில், நாற்பது பேருக்கும் கேட்க, வாசித்தார்.

"எம். பேராச்சி."