வாகீசருக்குக் கிடைத்த கூடை

மலைக்கோட்டையில் இருந்த நெடுங்கோ மன்னனுக்கு ஒருநாள் குடிதண்ணீர் உப்புக் கரித்தது. வாயில் வைத்ததும் துப்பிவிட்டான்.

"சுமந்து வந்தவனின் வியர்வை விழுந்திருக்கிறது! இனி மனிதர் தண்ணீர் சுமக்கக் கூடாது. மாடும் இழுக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் மேலே வர வேண்டும்!"

சபையில் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். மூத்த மந்திரி வாகீசருக்கு மட்டும் ஒரே குஷி; சபையில் இருந்த மாசிலானை விரட்ட நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். "மகாராஜா, நம் மாசிலான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! அவனிடம் விடுங்கள். மூன்று நாளில் முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னன் தலையாட்டிவிட்டான்.

மாசிலானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தண்ணீர் தானாக மேட்டில் ஏறாது என்று தெரியாதவர்கள் இந்த நாட்டில் இரண்டே பேர். ஒருவர் சிம்மாசனத்தில் இருக்கிறார். இன்னொருவர் அதற்குப் பக்கத்தில்.'

மலை உச்சியில் கல் உடைத்து, ஏரிக்கரை கட்டுவதற்காகத் தினமும் கீழே உருட்டிவிடுவார்கள். தடதடவென்று சத்தம், வானம் முட்டப் புழுதி. மாசிலான் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 'இத்தனை பலமும் புழுதி கிளப்பத்தானா?'

மூன்றாம் நாள் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு கப்பியைப் பொருத்தினான். கயிற்றின் ஒரு நுனியில், உச்சியில் கல் வைத்த கூடை. மறு நுனியில், அடிவாரத்தில் தண்ணீர் நிறைந்த தோல்பை. தண்ணீரைவிடக் கல் கொஞ்சம் கனம். கூடையை விட்டதும் கல் இறங்கியது, தண்ணீர் ஏறியது.

மன்னன் குடித்துப் பார்த்தான். உப்பு இல்லை.

"இதென்ன பெரிய வித்தை?" என்றார் வாகீசர். "கல் தினமும்தான் விழுகிறது!"

"விழுந்தது, மந்திரியாரே. தண்ணீர் ஏறியதா? பக்கத்தில் விழுந்தால் போதாது. இரண்டையும் கட்டினால்தான் இறங்குவது ஏறுவதை இழுக்கும்."

"ஏரிக்கரை முடிந்ததும் கல் இறங்காதே! அப்புறம் என்ன செய்வாய்?"

மாசிலான் அவருடைய தொந்தியை நிதானமாகப் பார்த்தான்.

"மகாராஜா, கூடையில் இவரையே உட்கார வைக்கலாம். அரண்மனைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உச்சிக்கு நடந்து ஏறட்டும். கூடையில் இறங்கட்டும். மறுபடி சாப்பிட்டு ஏறட்டும்."

"மனிதர் சுமக்கக் கூடாது என்பது ராஜ கட்டளை!" என்று அலறினார் வாகீசர்.

"நீங்கள் எங்கே சுமக்கப் போகிறீர்கள்? சும்மா உட்காரத்தானே போகிறீர்கள்! முப்பது வருடமாகச் சபையில் செய்து பழகிய வேலைதானே!"

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டான். ஏரிக்கரை முடிந்த மறுநாளே வாகீசருக்குக் கூடை கிடைத்தது.

உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். புரதம் கட்டுவது போன்ற, தானாக நடக்காத வேலைகளை, ஏ.டி.பி. என்ற மூலக்கூறு உடைவதோடு செல் பிணைத்துவிடுகிறது. அது இறங்க, இது ஏறுகிறது. பிறகு நீங்கள் தின்ற சோற்றின் பலம், இறங்கிய ஏ.டி.பி.யை மறுபடி உச்சிக்கு ஏற்றிவிடும். ஒரு நாளில் எத்தனையோ தடவை ஏறி இறங்கினாலும், வாகீசர் முணுமுணுத்தது போல அது ஒருதரம்கூட முணுமுணுத்ததில்லை.