பக்கத்து மேசை பீர்

புதுச்சேரியில் எங்கள் தெரு பீர் ஹாலில் பரிமாறுபவர் தவசீலன். அன்று ஓய்வுபெற்ற அதிகாரி வைத்திலிங்கம் நான்கு கிளாஸ் பீரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "அடுத்ததிலும் குறையிருந்தால் முதலாளியிடம் சொல்லி உன் வேலையைக் காலி பண்ணிவிடுவேன்" என்றார்.

தவசீலன் அவர் கண்ணெதிரே ஒரே பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒன்றை அவருக்கு வைத்தார். மற்றது பக்கத்து மேசையிலிருந்த எனக்கு.

அதிகாரி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "சப்பென்று இருக்கிறது. அவருக்கு வைத்ததைக் கொண்டா."

மாற்றி வைத்தார். அதிகாரி கண்மூடி ருசித்தார். "இதுதானய்யா பீர்."

"ரெண்டும் ஒரே பாட்டில்தான் சார்."

கல்லாவில் முதலாளியே சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

எனக்குப் புது கிளாஸ் வந்தது, வறுத்த நெத்திலியோடு. நுரை கொஞ்சம் குறைவுதான். நான் நன்றி மட்டும் சொன்னேன்.