நாற்பத்தோராம் பொருள்

மேலப்புன்னை நகராட்சியில் வாக்குக் கொடுப்பவர்களுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. மூன்று பேர் ஒரே பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து, அவள் குடி கெட்ட பிறகும் மூவரும் ‘என்மேல் தவறில்லை’ என்று நெஞ்சை நிமிர்த்திய கதை இது. கேட்பவர்கள் அந்த மூவரையும் ஒரு தட்டு மிக்சரையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெண் செல்லக்கிளி. நகராட்சிக் குப்பைக் கிடங்கின் மதிலை ஒட்டி அவள் வீடு. கிடங்கில் எரியும் குப்பையின் புகை நேரே அவள் அடுப்படிக்குத்தான் வரும். ஏழு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. “யாரும் கொளுத்தல, வெயிலுக்குத் தானாப் பத்திக்கிடுது” என்பார் ஒப்பந்ததாரர். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் கதவு எப்போதும் பூட்டு.

இந்த நிலையில்தான் அரசாணை வந்தது. கிடங்கைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் ஓர் இடம் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கு. குழு உறுப்பினர் எந்த நேரத்தில் வந்து கேட்டாலும் கதவைத் திறந்தாக வேண்டும். செல்லக்கிளிக்கு அந்த ஒரு நாற்காலி போதும், மகள் பிழைத்துக்கொள்வாள்.

நியமனத்துக்கு விதி உண்டு. மன்ற உறுப்பினர் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். யாரும் பெயர் சொல்லாவிட்டால் தலைவர் சொல்வதே பெயர். தலைவர் மனதில் இருந்ததோ ஒப்பந்ததாரரின் மைத்துனன். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவன் என்று காட்ட, கிடங்கு வாசலில் உள்ள எடைமேடை அறையின் முகவரியில் அவனிடமும் ஒரு வரி ரசீது இருந்தது.

செல்லக்கிளி மூன்று வாசல்கள் ஏறினாள். எதிர்க்கட்சி உறுப்பினர் அமலோற்பவம், “உன் பேர நான் முன்மொழியுதேன், இது சத்தியம்” என்றாள். ஆளும் கட்சி உறுப்பினர் வெள்ளைத்துரை சற்று யோசித்தார். “நானே பேரச் சொன்னா தலைவர் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. வேற யாராச்சும் சொல்லட்டும், கண்டிப்பா வழிமொழியுதேன் தாயி” என்றார். தீர்மானங்களை வாசிக்கும் எழுத்தர் சங்கரலிங்கம், “மத்ததோட சேத்து வாரிக் கொட்டாம, உங்க பொருள மட்டும் தனியா நிறுத்தி வாசிக்கிறேன்” என்றார். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது நாற்பத்தோராம் பொருள்.

கூட்டத்தன்று செல்லக்கிளி பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் பொருள் சொத்து வரி உயர்வு. எதிர்க்கட்சியினர் கோஷமிட்டபடி வெளிநடப்புச் செய்தார்கள். அமலோற்பவமும் எழுந்தாள். போகிற போக்கில் குனிந்து, “கட்சி உத்தரவு, தட்ட முடியாது. வாசல்ல போட்டோ எடுத்ததும் வந்துருவேன்” என்றாள்.

அதில் புதுமை ஒன்றுமில்லை. முன்வாசல் வழியாகக் கோபமாக வெளியேறுவதும், பேட்டி முடிந்ததும் பக்கவாசல் வழியாகச் சாந்தமாகத் திரும்புவதும் அந்த மன்றத்தின் சம்பிரதாயம். அதுவரை ஆளும் கட்சியினர் டீயும் மிக்சருமாகக் காத்திருப்பார்கள். நாலாம் பொருளை யாரும் தொடமாட்டார்கள். மிக்சர்த் தட்டைக் கண்டால் விடாதவர் என்று வெள்ளைத்துரைக்கு ஊரில் பெயரே உண்டு.

அன்றும் தட்டு வந்தது. வெள்ளைத்துரை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நாலுலேருந்து நாப்பது வரைக்கும் ஆல் பாஸ்!”

மேசைகள் தட்டப்பட்டன. முப்பத்தேழு தீர்மானங்கள் ஒரு மூச்சில் நிறைவேறின. தனக்காகத்தான் அண்ணாச்சி அவசரப்படுகிறார் என்று செல்லக்கிளிக்கு மனம் குளிர்ந்தது. மறு கணமே காலியான எதிர்க்கட்சி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

சங்கரலிங்கம் சொன்னபடியே நாற்பத்தோராம் பொருளைத் தனியாக நிறுத்தி வாசித்தார். “பெயர் முன்மொழியலாம்” என்று இரண்டு தரம் சொல்லி, இரண்டு தரம் வாசலைப் பார்த்தார். வாசலில் கேமராக்காரர் படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் கோஷம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“யாராச்சும் பேர் சொன்னா வழிமொழிய நான் தயாரா இருக்கேன்” என்று கையை உயர்த்தி நின்றார் வெள்ளைத்துரை.

“நான் இருக்கேன் சார்! செல்லக்கிளி!” என்று அவள் பெஞ்சிலிருந்து கத்தினாள்.

“பார்வையாளர் பேசக்கூடாது” என்றார் தலைவர். பிறகு மைத்துனனின் பெயரைச் சொன்னார். ஏகமனதாக நிறைவேறியது.

அமலோற்பவம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கவாசலில் நுழைந்தபோது எல்லாரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். “அதுக்குள்ள எப்படி? நாங்க வரதுக்கு முந்தி எப்பவும் எடுக்கமாட்டாங்களே” என்று திகைத்தாள். “நீயும் ஒரு பொம்பளையா? எம் பிள்ளைய விட ஒனக்குப் போட்டோ பெருசாப் போச்சா?” என்று கேட்டுவிட்டு, செல்லக்கிளி வெள்ளைத்துரையிடம் போய்க் கைகூப்பினாள்.

“நீங்க ஒருத்தராவது சொன்ன சொல்லுல நின்னீங்க அண்ணாச்சி.”

சொன்னதை வரி பிசகாமல் செய்தார் எழுத்தர். உயர்த்திய கையோடு நின்றார் வெள்ளைத்துரை. வழக்கத்தை நம்பி வாசலுக்குப் போனாள் அமலோற்பவம். கேட்டவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் செல்லக்கிளியைக் காட்டிக்கொடுத்தவர் யார்?

விடை: எழுத்தருக்குப் பெயர் சொல்லும் உரிமையே கிடையாது; தன்னால் முடிந்ததை அவர் செய்தார். அமலோற்பவம் தவறியது உண்மை, அந்தக் குற்றம் அவளை விட்டுப் போகாது. ஆனால் அவள் கவனம் தப்பியவள்; கெடுக்க நினைத்தவள் அல்ல. மிக்சர்த் தட்டைத் தள்ளிவைத்தவரைப் பாருங்கள். முன்மொழிய வேண்டியவள் வெளியே நிற்கிறாள் என்பதும், அவள் திரும்பும்வரை காத்திருப்பதே வழக்கம் என்பதும் அவருக்குத் தெரியும். பெயர் சொல்ல ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பொருளை இழுத்து வந்துவிட்டு, வழிமொழியக் கை தூக்கினார். காட்டிக்கொடுத்தவர் வெள்ளைத்துரைதான். கிடங்குக் கதவு இன்றும் பூட்டியே கிடக்கிறது, புகையும் நிற்கவில்லை. செல்லக்கிளி அமலோற்பவத்தின் முகத்தில் விழிப்பதில்லை. மகளுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுச் சீட்டு எழுதி வாங்க வெள்ளைத்துரையின் வீட்டுக்குத்தான் ஓடுகிறாள்.